புது இம்பெல்லருக்கு முதல் மாதிரி: எந்தக் குறுக்குவழி எதற்கு?

தை முதல் வைகாசி வரை பம்ப் சீசன். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க டீலர்களின் போன் கூடும். அப்போது புது மாடல் கடையில் நிற்க வேண்டுமானால் ஐப்பசிக்குள் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) டிசைன் முடிவாகி, கார்த்திகை பிறக்கும்போது வார்ப்பின் வெளிவடிவத்தை மணலில் பதிக்கும் அலுமினிய பேட்டர்னுக்கும், உள்பாதைக்கான மணல் உருவை (கோர்) எடுக்கும் கோர் பாக்ஸுக்கும் ஆர்டர் போயிருக்க வேண்டும். நடுவில் தீபாவளி, சத் பூஜைக்கு ஊருக்குப் போகும் வட மாநிலத் தொழிலாளர்கள், பொங்கலுக்குக் கதவடைக்கும் ஃபவுண்டரிகள். முதல் மாதிரியைச் சீக்கிரம் கையில் வாங்கிப் பார்க்க எல்லாரும் பறப்பதில் ஆச்சரியமில்லை.

கோவையில் பீளமேடு, கணபதி, அரசூர், குறிச்சி பக்கம் விசாரித்தால் இன்று ஐந்து வழி சொல்வார்கள். ஒன்று, வழக்கமான மர பேட்டர்ன். இரண்டு, 3டி பிரிண்டரில் பேட்டர்னும் கோர் பாக்ஸும் அடித்து வழக்கம்போல் மணலில் வார்ப்பது. மூன்று, மணல் அச்சையே பிரிண்ட் செய்து உலோகம் ஊற்றுவது. நான்கு, முழுக் கட்டியிலிருந்து சிஎன்சியில் குடைந்தெடுப்பது. ஐந்து, வார்ப்பே இல்லாமல் பிளாஸ்டிக் இம்பெல்லரைப் பிரிண்ட் செய்து நேரே பம்பில் மாட்டி ஓட்டுவது.

எது சீக்கிரம் என்று கேட்டால் ஐந்தாவதுதான். ஆனால் மாதிரியிடம் என்ன கேட்கப் போகிறோம் என்று முதலில் தெளிவாக வேண்டும். ஹெட்டும் (தண்ணீர் ஏறும் உயரம்) டிஸ்சார்ஜும் (வெளிவரும் தண்ணீரின் அளவு) வருகிறதா என்பது ஒரு கேள்வி. கேஸிங்கிலும் ஷாஃப்ட்டிலும் சரியாக உட்காருகிறதா என்பது இன்னொன்று. இந்த வடிவத்தை எங்கள் ஃபவுண்டரி ஓட்டையில்லாமல், சில் பிடிக்காமல் (சட்டென்று குளிர்ந்து வெள்ளை இரும்பாக இறுகாமல்), நூற்றுக்கணக்கில் வார்த்துக் கொடுக்குமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு வந்த பதிலை மூன்றாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான அவசரங்கள் கவிழ்கின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மூடிய வகை இம்பெல்லர் (வேன்களின் இரண்டு பக்கமும் ஷ்ரவுட் என்ற தட்டு மூடியிருக்கும்), விட்டம் 150 மில்லி, வேகம் 2880 ஆர்பிஎம், உலோகம் ஐஎஸ் 210 எஃப்ஜி 200 வார்ப்பிரும்பு, ஆறு வேன் (தண்ணீரைத் தள்ளும் இதழ்), வேன் தடிமன் 4 மில்லி, வெளிவாய் அகலம் 6 மில்லி, எடை சுமார் ஒன்றரைக் கிலோ. விளிம்பு வேகம் நொடிக்கு 22 மீட்டரைத் தாண்டும், ஹெட் 25 மீட்டரை ஒட்டி வரும். இதில் உயிர்நாடி அந்த 6 மில்லிதான். வெளி விட்டத்தை லேத்தில் கடைந்து சரிசெய்துவிடலாம், உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பாதையை யாரும் கடைய முடியாது. கோர் எப்படி வந்ததோ பாதையும் அப்படியே. அரை மில்லி பிசகினால் பாதையின் பரப்பில் 8 சதவீதம் போயிற்று.

பிளாஸ்டிக்கில் அடித்து நேரே ஓட்டுவது

வேன் கோணத்தை 22 டிகிரி வைப்பதா 26 வைப்பதா, ஆறு வேனா ஏழா என்று மூன்று நான்கு வடிவங்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஒரே வாரத்தில் மூன்றையும் டெஸ்ட் பெட்டில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

சாதாரண ஃபிலமென்ட் பிரிண்டரில் மூடிய இம்பெல்லரை ஒரே துண்டாக அடித்தால் மேல் ஷ்ரவுடைத் தாங்கும் சப்போர்ட் பாதைக்குள் மாட்டிக்கொள்ளும். 6 மில்லி வாய்க்குள் கம்பி விட்டுக் குடைந்தாலும் முழுதாக வராது. அதனால் ஹப்பும் வேனும் ஒரு துண்டு, முன் ஷ்ரவுட் தனித்துண்டு என்று அடித்து எபாக்சியால் ஒட்ட வேண்டும். ரெசின் பிரிண்டரோ நைலான் பவுடர் பிரிண்டரோ கிடைத்தால் ஒரே துண்டாகவே எடுக்கலாம், உள்ளே இருப்பதைக் கழுவியோ ஊதியோ வெளியேற்றிவிடலாம்.

உடைவது கீவேயில் (ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவிக்கான காடி). பிளாஸ்டிக்கில் நேரடியாகக் கீவே வெட்டினால் ஸ்டார்ட் ஆகும் அதிர்ச்சியிலேயே பிளந்துவிடும். பித்தளை புஷ் ஒன்றைக் கடைந்து, வெளிப்பக்கம் நர்லிங் போட்டு ஹப்பில் ஒட்டி, கீவேயை அந்தப் புஷ்ஷில் வெட்டுங்கள். வேர் ரிங் (தண்ணீர் பின்னோக்கிக் கசியாமல் தடுக்கும் தேய்மான வளையம்) உட்காரும் கழுத்துக்கும் ஒரு கன்மெட்டல் வளையம் வேண்டும். உரசினால் பிஎல்ஏ (ஃபிலமென்ட் பிரிண்டரின் வழக்கமான பிளாஸ்டிக்) இளகி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்து கிளியரன்ஸைக் கூட்டி வைத்தால் தண்ணீர் பின்னோக்கிக் கசிந்து டிஸ்சார்ஜ் குறையும், பழி வேன் கோணத்தின் மேல் விழும்.

இந்தச் சோதனையின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அதே கேஸிங், அதே மோட்டார், அதே கிளியரன்ஸ், அதே லேயர் உயரம் என்று இருந்தால் 26 டிகிரி 22-ஐ விட மேலா என்பது நம்பகமாகத் தெரியும். வார்ப்பில் எத்தனை சதவீதம் எஃபிஷியன்சி வரும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. பேலன்ஸ், த்ரஸ்ட் பேரிங்கின் ஆயுள், மணல் கலந்த தண்ணீரில் தேய்மானம் ஆகியவற்றைப் பற்றி, இரும்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எடையுள்ள அந்தத் துண்டு ஒன்றுமே சொல்லாது.

மருந்துத் துறையில் இதற்கு ஒரு நேர் இணை உண்டு. அமெரிக்க எஃப்டிஏ 1992-ல் கொண்டுவந்த விரைவு அனுமதி முறையில், நோயாளியின் ஆயுள் கூடுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திராமல், கட்டி சுருங்குகிறதா போன்ற இடைக்கால அடையாளங்களை வைத்தே மருந்துக்கு அனுமதி கிடைக்கும். உறுதிப்படுத்தும் சோதனையைப் பிறகு செய்தே ஆகவேண்டும். பெவாசிசுமாப் என்ற மருந்து மார்பகப் புற்றுக்கு 2008-ல் இப்படித்தான் அனுமதி பெற்றது. அடுத்து வந்த சோதனைகள் கைகொடுக்காததால் 2011-ல் அந்த அனுமதி ரத்தானது. பம்ப் ஆபீஸில் இரண்டாம் கட்டத்தை வற்புறுத்த யாரும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

கட்டியிலிருந்து குடைவது

திறந்த வகை, அரைத் திறந்த வகை இம்பெல்லருக்கு இது அருமையான வழி. மூடிய வகைக்குத் தலைவலி. 6 மில்லி பாதைக்குள் போக 4 மில்லி பால் நோஸ் கட்டர் வேண்டும். கட்டர் அதன் விட்டத்தைப்போல நாலைந்து மடங்குக்கு மேல் வெளியே நீண்டால் அதிரும், வேன் முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். ஆகவே இங்கேயும் இரண்டு துண்டாகச் செய்து ஸ்குரூவோ பிரேசிங்கோ போட வேண்டியிருக்கும். ஐந்து ஆக்ஸிஸ் மெஷினில் இடம் கிடைக்கக் காத்திருக்கும் நாளையும் கணக்கில் சேர்த்தால், சீக்கிரம் என்ற பெயர் பாதி போய்விடும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குடைந்த பாதை வார்ப்பைவிட வழவழப்பாக இருப்பதால் டெஸ்ட் பெட்டில் எஃபிஷியன்சி அழகாக வரும். ஸ்டார் லேபிளுக்கோ கேட்டலாகுக்கோ அந்த எண்ணையே எழுதிவிட்டால், மணல் கோரில் வார்த்த உற்பத்தித் துண்டு அதை எட்டாமல் நிற்கும். குடைந்த மாதிரியை ஷாஃப்ட், சீல், கேஸிங் பொருத்தம் பார்க்க வையுங்கள். அறிவிக்கும் எண்ணை வார்ப்பிலிருந்து மட்டும் எடுங்கள்.

பிரிண்ட் செய்த பேட்டர்ன்

வார்ப்பிரும்பு இம்பெல்லருக்கு, நான்கைந்து மாதிரி வேண்டும் என்கிற பெரும்பாலான பட்டறைகளுக்கு இதுதான் சரியான நடுவழி என்பது எங்கள் கணிப்பு. கேட் (கணினியில் வரைந்த டிசைன்) ஃபைல் தயாராக இருந்தால் பேட்டர்ன் ஓர் இரவு, கோர் பாக்ஸ் இரண்டு பாதியும் ஓர் இரவு, பட்டி பார்த்துத் தேய்க்க ஒரு பகல். மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் ஃபீடரில் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாள் எது என்று பார்த்துவிட்டுப் பிரிண்டை ஓடவிடுங்கள். பதினோராவது மணியில் நின்ற பிரிண்டை மறுபடி தொடர்ந்தால் அந்த இடத்தில் ஒரு படி விழும், பேட்டர்னை உருவும்போது மணல் அங்கேதான் கிழியும்.

லேயர் உயரம் 0.2 மில்லி, சுவர் மூன்று நான்கு சுற்று, உள்நிரப்பு 20 முதல் 25 சதவீதம் இருந்தால் கையால் இடிக்கும் மோல்டிங்கைத் தாங்கும். மெஷின் மோல்டிங்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இது போதாது, பின்பக்கத்தைக் குடைவாக விட்டு எபாக்சி ஊற்றி நிரப்ப வேண்டும். செங்குத்துச் சுவர்களுக்கு 2 டிகிரி சாய்வு கொடுங்கள். மரத்தில் 1 டிகிரி போதுமே என்றால், மரத்தில் லேயர் கோடு இல்லை. பாடி பட்டி பூசி, 220-ல் தேய்த்து, பிரைமர் அடித்து, 400-ல் தேய்த்தால் கோடு மறையும். பட்டியின் கனத்தை மறந்துவிடாதீர்கள், கோர் பாக்ஸின் உட்சுவரில் 0.2 மில்லி ஏறினால் கோர் அந்த அளவுக்கு மெலியும்.

சுருக்க அளவை ஃபைலிலேயே கொடுப்பது பிரிண்டின் பெரிய வசதி, பெரிய ஆபத்தும் அதுவே. வார்ப்பிரும்புக்கு 1 சதவீதம், அலுமினியத்துக்கு 1.3, கன்மெட்டலுக்கு சுமார் 1.5, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 2-க்கும் மேல். இரும்பு மாதிரிக்கு அடித்த பிரிண்டையே மாஸ்டராக வைத்து அலுமினிய பேட்டர்ன் வார்த்தால் இரும்புத் துண்டு 1.3 சதவீதம் சிறுத்து வரும். மாஸ்டருக்கு இரண்டு சுருக்கமும் சேர்த்து 2.3 வேண்டும்: 100 மில்லி என்றால் 102.3. எந்த ஃபைல் எந்தச் சுருக்கத்தில் இருக்கிறது என்று ஃபைல் பெயரிலேயே எழுதி வைக்கும் பழக்கம் இந்தத் தொல்லையை அடியோடு ஒழிக்கும்.

பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். சித்திரை வெயிலில் ஈரோட்டுச் சாலையோரம் நிறுத்திய காருக்குள் பேட்டர்னை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் வளைந்த பேட்டர்ன்தான் மிஞ்சும். ஃபவுண்டரிக்குள்ளும் இதே ஆபத்து உண்டு: அப்போதுதான் பெட்டியிலிருந்து உடைத்துக் கொட்டிய மணலைச் சூடு ஆறாமல் திரும்ப எடுத்து இடித்தால் மெல்லிய ஷ்ரவுட் வளையும். “மணல் சூடா இருக்குதுங்க, பேட்டர்ன் வளைஞ்சுக்கும்” என்று மோல்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கோர். உற்பத்தியில் ஷெல் கோர் போடும் ஃபவுண்டரி 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிய இரும்புக் கோர் பாக்ஸில் ரெசின் மணலை வேகவைக்கிறது. பிளாஸ்டிக் பாக்ஸில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மாதிரிக்கு சிஓ2 கோரோ (சிலிகேட் கலந்த மணலைக் கார்பன் டை ஆக்சைடு விட்டு இறுக்குவது), நோ-பேக் கோரோ (சூடாக்காமலே ரெசினால் இறுகுவது) தான் கதி. சிஓ2 கோர் உடனே கிடைக்கும், ஆனால் உலோகம் ஊற்றியபின் கல்லாக இறுகி 6 மில்லி பாதைக்குள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். குத்தி எடுக்கும்போது வேன் முனை தெறிக்கும். சிலிகேட்டோடு கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்ப்பது இதற்குப் பழைய கைவைத்தியம். சூட்டில் அது கருகிப்போவதால் கோர் உள்ளிருந்தே தளரும். நோ-பேக் என்றால் இந்தத் தொல்லை குறைவு. கோருக்கு வாஷ் (சூடு தாங்கும் பூச்சு) பூசினால் இரண்டு பக்கமும் சேர்த்து 0.3, 0.4 மில்லி கனம் ஏறி, பாதை அந்த அளவுக்கு அகன்றுவிடும். மாதிரிக்குப் பூசி உற்பத்திக்குப் பூசாமல் விட்டாலோ, இங்கே பூசாமல் அங்கே பூசினாலோ டெஸ்ட் ரிப்போர்ட் இரண்டும் ஒத்துப்போகாது.

நாள் கணக்கு உண்மையில் தவறுவது மெட்டலில். பேட்டர்ன் மூன்று நாளில் வந்துவிடும், ஆனால் ஒன்றரைக் கிலோ மாதிரிக்காக யாரும் ஃபர்னஸ் ஏற்ற மாட்டார்கள். வேறொருவரின் எஃப்ஜி 200 ஹீட் (ஒருமுறை உருக்கும் மெட்டல்) ஓடும் நாளில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். “நாளைக்கு 260 தானுங்க உருக்கறோம், வியாழக்கிழமை வாங்க” என்பார்கள். அவசரப்பட்டு 260-இல் (எஃப்ஜி 260, உறுதி கூடிய தரம்) ஊற்றச் சொன்னால், கார்பன் குறைந்த அந்த மெட்டல் 4 மில்லி வேனில் சட்டென்று குளிர்ந்து சில் பிடிக்கும். விளிம்பு வெள்ளை இரும்பாகி டிரில் வழுக்கும். லேடிலில் 0.2 முதல் 0.3 சதவீதம் ஃபெரோசிலிக்கான் இனாகுலன்ட் போட்டு, 1400 டிகிரியை ஒட்டி ஊற்றி, பெட்டியை அவசரமாக உடைக்காமல் ஆறவிட்டால் இது தவிரும். முதல் நாளே ஃபவுண்டரிக்கு போன் செய்து ஹீட் நாளைக் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பிரிண்ட் நாளை எண்ணுவதே முறை.

இரண்டு நல்ல துண்டு வேண்டுமென்றால் ஐந்து ஊற்றச் சொல்லுங்கள். ஒன்றைக் கட்டாயம் ஷாஃப்டுக்கு நெடுக்காக அறுத்துப் பாருங்கள். ஆறு பாதையின் அகலமும், இரண்டு ஷ்ரவுடின் தடிமனும், ஹப் அருகே சுருக்க ஓட்டை உண்டா என்பதும் அந்த ஒரு வெட்டிலும் மிச்சத் துண்டுகளை உடைத்தும் தெரிந்துவிடும். ஷ்ரவுட் ஒருபக்கம் 4.5, மறுபக்கம் 3.5 என்றிருந்தால் கோர் சரிந்திருக்கிறது. ஜி 6.3 என்ற பேலன்ஸ் தரத்தில் 2880 வேகத்துக்கு, ஒன்றரைக் கிலோ இம்பெல்லரில் 60 மில்லி ஆரத்தில் அரைக் கிராம்தான் மிச்சம் விடலாம். சரிந்த கோரோடு அந்த அளவுக்குப் பேலன்ஸ் செய்யத் தேய்த்தால் ஷ்ரவுட் காகிதமாகும்.

மற்ற இரண்டும்

மர பேட்டர்னை ஒதுக்கிவிட வேண்டாம். பெரிய கேஸிங், பெட் பிளேட், 400 மில்லிக்கு மேல் போகும் எதற்கும் தேக்குதான் இன்னும் வேகமானது, பிரிண்டர் தட்டில் அவை அடங்காமல் துண்டுபோட்டு ஒட்ட வேண்டியிருக்கும். ஆனால் திருகிய வேன் உள்ள கோர் பாக்ஸை மரத்தில் செதுக்கும் கைகள் குறைந்துவிட்டன, கைவசம் உள்ளவரிடம் வேலை வரிசையில் நிற்கும். ஐப்பசி அடைமழையில் மரம் ஊறிச் சில இடங்களில் ஏறும், அளவை ஊற்றும் நாளன்று மறுபடி பாருங்கள்.

மணல் அச்சைப் பிரிண்ட் செய்வதில் சாய்வும் வேண்டாம், பார்ட்டிங் லைனும் (அச்சு இரண்டாகப் பிரியும் கோடு) வேண்டாம், எவ்வளவு சுழன்ற வேனையும் ஒரே கோராக எடுக்கலாம். விலையை கன அளவுக்குப் போடுகிறார்கள். முதல் அச்சுக்கும் பத்தாவது அச்சுக்கும் ஒரே விலை. பிரிண்ட் பேட்டர்ன் செலவை, இரண்டு வழியிலும் ஒரு வார்ப்புக்கு ஆகும் செலவின் வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணுக்கு மேல் மாதிரி தேவைப்பட்டால் பேட்டர்ன்தான் லாபம். சின்ன இம்பெல்லருக்கு அந்த எண் மிகச் சிறியதாகவே வரும். பெரிய மிக்ஸட் ஃப்ளோ இம்பெல்லர், ஒரே ஒரு துண்டு ரிப்பேர் ஆர்டர் போன்றவற்றுக்கு மணல் பிரிண்டுக்குப் போகலாம். மெல்லிய கோர் லாரியில் வரும்போது உடையும், ஒன்று உபரியாகச் சொல்லுங்கள். காற்றுப் போக்கு வழியையும் ஃபைலிலேயே வரையச் சொல்லுங்கள், பைண்டரின் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் ஷ்ரவுடில் ஊசித் துளை நிச்சயம். (ஸ்டெயின்லெஸ் இம்பெல்லர் என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். மெழுகுக்குப் பதில் பிரிண்ட் துண்டை வைத்து இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் செய்பவர்களைப் பாருங்கள்.)

எதை முந்தி ஆரம்பிக்கலாம்

மாதிரி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தால் சீசன் போய்விடும் என்று உற்பத்தி டூலிங்கை முன்கூட்டியே ஆர்டர் செய்பவர்கள் உண்டு. தவறில்லை, எதை என்பதுதான் விஷயம். இம்பெல்லரின் வெளிவடிவ பேட்டர்ன் வேன் கோணத்தைப் பொறுத்ததல்ல. அதைப் பிளாஸ்டிக் சோதனை நடக்கும்போதே ஆரம்பித்துவிடலாம், விட்டத்தில் 2 மில்லி கூடுதல் விட்டால் போதும். ஷெல் கோர் பாக்ஸுக்கு வேன் வடிவம் முடிவாகும்வரை கை வைக்காதீர்கள்.

முடிவானபின்னும் ஒரு சூட்சுமம் உண்டு. கோர் பாக்ஸின் சுவரைச் சுரண்டினால் கோர் பருத்து, வார்ப்பில் பாதை அகலும். ஃபைல் போட்டு ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை அது. பாதையைக் குறுக்க வேண்டுமானால் இரும்பில் வெல்டிங் வைத்து மறுபடி குடைய வேண்டும், பத்து நாள் போகும். ஆகவே 6 மில்லி வேண்டிய இடத்தில் பாக்ஸை முதலில் 5.7-க்கு வெட்டச் சொல்லுங்கள். முதல் ஷெல் கோர் வார்ப்பை ஓட்டிப் பார்த்து, டிஸ்சார்ஜ் குறைந்தால் 0.1, 0.1-ஆக ஏற்றிக்கொள்ளலாம்.

ஆக, இந்த 150 மில்லி இம்பெல்லருக்கு வரிசை இப்படி நிற்கிறது. முதல் வாரம் மூன்று பிளாஸ்டிக் வடிவம், கூடவே வெளி பேட்டர்னுக்கு ஆர்டர். இரண்டாம் வாரம், தேர்ந்த வடிவத்துக்குப் பிரிண்ட் பேட்டர்னும் கோர் பாக்ஸும் அடித்து, ஹீட் கிடைக்கும் நாளில் ஐந்து வார்ப்பு. மூன்றாம் வாரம் அறுப்பு, பேலன்ஸ், முழு டெஸ்ட். அது தேறிய அன்றே ஷெல் கோர் பாக்ஸுக்கு ஆர்டர். பழைய மாடலில் விட்டத்தை மட்டும் 4 மில்லி குறைக்கிறீர்கள் என்றால் இதெல்லாம் எதற்கு, ஸ்டாக்கில் இருப்பதை எடுத்து லேத்தில் கடைந்து ஓட்டிப் பாருங்கள், மத்தியானத்துக்குள் பதில் கிடைக்கும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் நான்கு விவரம் கட்டாயம் ஏற வேண்டும்: உலோகத் தரம், சுருக்க சதவீதம், கோரின் வகை, வாஷ் உண்டா இல்லையா. ஹப் முகத்தில் டிசைன் திருத்த எண்ணைப் புடைப்பு எழுத்தாக வார்க்கச் சொல்லுங்கள், எழுத்து 5 மில்லி உயரம், 0.8 மில்லி புடைப்பு. மூன்று வடிவத்தின் மாதிரிகள் ஒரே கூடையில் கிடக்கும்போது சாக்பீஸ் குறி அழிந்துவிடும்.